உள்ளேன் டீச்சர்

பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, மேடம். காலையில் கணக்கு, சாப்பிட்டதும் வாய்ப்பாடு, சாயங்காலம் கதை. எட்டு வயதுப் பெண்ணை உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஒருநாள் தலை வாரிவிடும்போது மகள் சொன்னாள், "எங்க டீச்சர் வாரினா வலிக்கவே வலிக்காதும்மா. நான் அவங்க வீட்டுலேயே இருந்துடவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வீட்டை விட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை.

மறுநாள் காலையில், "இன்னைக்குப் போக வேணாம் கண்ணு. உன் பக்கத்துல உட்காருவாளே ரெட்டைச் சடை, அவளைக் காணோமாம்" என்றேன். ஒரு நாளை ஒப்பேற்றத்தான் சொன்னது. ஆனால் அன்று முழுக்க அவள் என் கையை விடவில்லை. அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதன்பிறகு என் கதையில் வாரத்துக்கு ஒரு பிள்ளை காணாமல் போயிற்று. வகுப்பில் பிள்ளைகள் தீர்ந்ததும் டீச்சரும் போனார்.

தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்குமே, அதற்கும் ஒரு வழி வேண்டாமா? "போனவங்கதான் அது. ஒருநாள் டீச்சர் வந்து உன் பேரைக் கூப்பிடுவாங்க. 'உள்ளேன் டீச்சர்'னு வாயைத் திறந்தியோ, நீயும் போயிடுவே" என்றேன்.

வீட்டிலேயே படிக்கவைக்கிறேன் என்று பள்ளியில் சொல்லியிருந்தும் அந்த டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. நேற்று வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. நல்ல பெண்தான், பாவம். பிள்ளைக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று, வகுப்பில் கூப்பிடுகிற அதே ராகத்தில் பேரைச் சொன்னார்.

என் மகள் கட்டிலுக்கடியில் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தரையெல்லாம் ஈரம். "நான் சொல்லலைம்மா, நான் சொல்லலை" என்று உதடு மட்டும் அசைந்தது. துடைத்துவிட்டு உடை மாற்றினேன். என்னைத் தவிர யார் செய்வார்கள்?

பூட்டிவைத்தேன் என்கிறார்கள் உங்கள் ஆட்கள். எங்கள் வீட்டில் வெளிப்பூட்டே கிடையாது. இன்று காலை நீங்கள் உடைத்தது, அவளே போட்டுக்கொண்ட உள்தாழ்ப்பாள்.

சற்றுமுன் அடுத்த அறையில் டீச்சரை எதிரே உட்காரவைத்து அவளிடம் பேர் கேட்டீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், நகம் கன்னத்தில் பதிகிற அளவுக்கு.

நீங்களே சொல்லுங்கள் மேடம், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் பிள்ளை மனதில் இப்படிப் பதியும்?