பதினாறு அடிக்கு மேலே

இல்லப்பா ஆர்லன், பரணெல்லாம் வேண்டாம், அதை எடுத்த எடத்துலயே மாட்டு. வாங்க வரல நான். சும்மா ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீ இப்பல்லாம் மரத்துல பரணை எத்தனை அடி உயரத்துல கட்டுற? இருபதா? ஏன் இருபது? ஆமா, எல்லாரும் கட்டுறாங்கன்னு நீயும் கட்டுற. எங்க வீட்டுக்காரரு காதுல இது விழுந்துச்சுன்னு வச்சுக்க, வில்லு விக்கிற கடைக்காரன்னுகூடப் பாக்க மாட்டாரு, இங்கயே உக்கார வச்சுப் பாடம் எடுத்துருவாரு. நீ மான் வேட்டைக்குப் போறியா, வாத்துப் புடிக்கப் போறியாடான்னு கேப்பாரு. உங்கப்பாவையே கேட்டிருக்காரு, தெரியுமா உனக்கு? வெள்ளிக்கிழமை மீன் விருந்துல, அத்தனை பேரு முன்னாடி. உங்கப்பா பிராந்தியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்புறம் மறுநாளே எங்க வீட்டுக்காரரு நார்பர்ட்டையே கூட்டிட்டுப் போயி பரணை இறக்கிக் கட்டுனாருங்கிறது வேற கதை.

காபியா? குடு, குடிக்கிறேன். பாலு வேண்டாம்.

எனக்குத் தெரியாமக் கேக்கல. நானும் கல்யாணமான வருஷத்துலருந்து வில்லு புடிக்கிறவதான். என் பரண் ஓடைக்கரையில இருக்கு, பன்னெண்டு அடி. அதுக்கு மேல போனா எனக்கு உள்ளங்கை வேர்த்துரும், ஊருக்கே தெரியும் அது. ஆனா கொம்பு மான் அடிச்ச கணக்குல அவரை விட எனக்கு ரெண்டு கூட. அதைச் சொன்னா மட்டும் மனுசனுக்குக் காது கேக்காது.

அவரு என்ன சொல்லுவாருன்னா, அடிக்கணக்கே பாக்காதம்பாரு. முதல்ல மரத்துக்குக் கீழ நின்னு, மேல நீ உக்காந்தா உன் முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு பாரு. கிளை இருக்கணும், இல்ல பக்கத்து மரமாவது இருக்கணும். உன்னை மறைக்கிறது எந்த உயரத்துல இருக்கோ அங்க கட்டு. பத்தடின்னா பத்தடிதான். உயரப் போனா நம்ம வாடை மானுக்குத் தட்டாது, அது வாஸ்தவம். ஆனா தலைக்கு நேர் மேலருந்து அம்பு விட்டா என்ன ஆகும்? ஒரு பக்கத்து நுரையீரலை மட்டும் கிழிச்சுட்டுப் போயிரும். மான் உடனே சாகவும் சாகாது, பொழைக்கவும் பொழைக்காது. எங்கயாவது புதருக்குள்ள போயி இழுத்துக்கிட்டுக் கெடக்கும்.

அதைத்தான் அவரால தாங்க முடியாது. எங்க மாப்பிள்ளை ஒருதடவை அப்படி ஒரு பொட்டை மானை அடிச்சுட்டு வந்து நின்னான். விடியவிடியத் தேடுனாரு இவரு. கண்டுபுடிச்சப்போ அது செத்துக் கெடந்துச்சு. அது பக்கத்துலயே உக்காந்து அழுதாரு ஆர்லன். சத்தம் போட்டு அழுதாரு. நீ வெளிய சொல்லிராத, என்னைக் கொன்னே போட்டுருவாரு.

எங்க வயலுக்கு மேற்கால இருக்குற அந்தப் பெரிய ஓக் மரம், நீ பாத்திருப்ப. அதுல அவரு பரண் பதினாறு அடி. என்னைக் கட்டுறதுக்கு முன்னாடியே அதைக் கட்டிட்டாரு. வருஷா வருஷம் கழட்டி, வாரெல்லாம் சரிபாத்து, திரும்ப அதே எடத்துல கட்டுவாரு. மரப்பட்டையில தழும்பே விழுந்து போச்சு.

இந்த வருஷம் மாத்திட்டாரு.

எத்தனைன்னு சொல்லு பாப்போம். ம்ஹூம். அதுக்கும் மேல. இன்னும் போ. முப்பத்தி நாலுப்பா. முப்பத்தி நாலடி. சிரிக்காத, நான் வெளையாட்டுக்குச் சொல்லல. ஏறுற படி பத்தலன்னு செப்டம்பர்ல உங்கிட்டதான வாங்கிட்டு வந்தாரு. ஐய, உன்னை எதுக்குக் குத்தம் சொல்லப் போறேன், கடைன்னா வந்து கேட்டதைக் குடுக்கத்தான செய்வ.

கிழட்டு மானுங்க மேல அண்ணாந்து பாக்கப் பழகிருச்சா? அப்படித்தான் நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வேற நாலாப்பக்கமும் பரண் கட்டிட்டாங்க, மானெல்லாம் உஷாராயிருச்சு, அதான் மேல போறாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் போன வாரம், அவரு இறங்கி வீட்டுக்கு வந்ததுக்கப்புறம், நான் தனியாப் போயி அந்த மரத்துல ஏறிப் பாத்தேன்.

ஏறுனேன்ப்பா. என்ன அப்படிப் பாக்குற? மரத்தோட சேத்துக் கட்டுற பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, கர்த்தரே கர்த்தரேன்னு முணுமுணுத்துக்கிட்டு, பழைய தழும்பு வரைக்கும் போயிட்டேன். அதுக்கு மேல காலு வரல. மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அங்கருந்தே அண்ணாந்து பாத்தேன்.

ஒரு கிளைகூட வெட்டல ஆர்லன். அம்பு போறதுக்கு வழியே இல்ல. அந்த எடத்துலருந்து கீழ பாத்தா கிளைக்கு மேல கிளையா மறைச்சுக்கிட்டு நிக்குது, ஒரு அணில்மேலகூட குறி வைக்க முடியாது. வில்லைக் கட்டி மேல இழுக்கக் கயிறு தொங்க விடுவோம்ல, அதுவும் இல்ல. அதை விடு. பரணு எந்தப் பக்கம் பாத்து இருக்குங்கிற? மான் வர்ற தடம் மேற்கால. இவரு கிழக்கால பாத்துக் கட்டி வச்சிருக்காரு. எங்க மாட்டுக்கொட்டகையைப் பாத்து.

இரு, யாரோ வர்றாங்க. நீ முதல்ல அவரைக் கவனி. இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க வாங்க சார், நான் சும்மா கதை பேசிக்கிட்டு நிக்கிறேன். குளிரு இப்பவே இப்படி அடிக்குது, நவம்பர்ல என்ன பண்ணப் போறோமோ.

போயிட்டாரா? அந்தக் கதவை நல்லாச் சாத்திரு.

எங்க விட்டேன்? ஆங், கொட்டகை. அதுல இப்ப என்ன இருக்கு, சொல்லு. மார்ச் மாசம் மாடெல்லாத்தையும் குடுத்துட்டோம்ல. லாரி வந்து நின்னுச்சு. ஒவ்வொண்ணா பேரு சொல்லிக் கூப்பிட்டு அவரேதான் ஏத்துனாரு. கடைசி மாடும் ஏறுனப்புறம் கொட்டகையைக் கழுவி விட்டாரு. மாடில்லாத கொட்டகையைக் கழுவுறாரு. நான் ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டே நின்னேன், என்னால வெளிய போக முடியல. ஒரு மானுக்கு அப்படி அழுத மனுசன், அன்னைக்கு ஒரு சொட்டு கண்ணீரு விடல. அழுதிருந்தா நான் இன்னைக்கு இங்க வந்து நின்னுருக்க மாட்டேன்.

கேக்காம இருப்பேனா? கேட்டேன். எதுக்குய்யா அவ்வளவு உயரம், பரலோகத்துக்கு வழி பாக்குறியான்னு சும்மா வெளையாட்டாத்தான் கேட்டேன். வாயில வந்துருச்சு. அவரு சிரிக்கல. அங்க அமைதியா இருக்கு மார்லிஸ்னாரு. அவ்வளவுதான். சொல்லிட்டு சூப்பு குடிச்சுட்டுப் போயிட்டாரு. நான் அந்தக் கிண்ணத்தைக் கழுவிக்கிட்டே இருந்தேன், எவ்வளவு நேரம் கழுவுனேன்னே தெரியல.

பெல்ட்டா? அவரு பெல்ட்டு எங்க வீட்டு ஷெட்டுல ஆணியில தொங்குது. நானே எடுத்துட்டுப் போயி அவரு வண்டி சீட்டுல வச்சேன். திரும்பி வந்தப்போ மறுபடியும் ஆணியில மாட்டிட்டாரு. சண்டை போடல, பதமா மாட்டி வச்சிட்டாரு. பெல்ட்டு இல்லாம பத்தடி ஏறுனான்னு நம்ம மாப்பிள்ளையை வெளுத்து வாங்குன ஆளுப்பா அவரு.

மாப்பிள்ளைட்ட சொன்னேன். மாமாவுக்கு வயசாகுதுல்ல அத்தை, வேற மாதிரி முயற்சி பண்ணிப் பாக்குறாரு போலன்னான். அவன் நல்ல பையன்தான். அவன் நினைப்பெல்லாம் பெரிய மான் எங்க மேயுதுங்கிறதுலயே இருக்கு.

நீ என்ன நினைக்கிற? இல்ல, நீ சொல்லாத. சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்.

போன செவ்வாக்கெழமை நீ வீட்டுக்குப் போன் பண்ணுனேல்ல? அவரு வில்லு சரி பண்ணியாச்சு, நாண் புதுசு போட்டாச்சு, மூணு வாரமா இங்கயே கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கன்னு. நான்தான் எடுத்தேன். சொல்றேன்னு சொன்னேன். சொல்லவும் செஞ்சேன், சரின்னு தலையாட்டுனாரு. ஆர்லன், அந்த மூணு வாரமும் அவரு ஒருநாள் தப்பாம காலையில மரத்துக்குப் போயிட்டுத்தான் வர்றாரு.

ஆமா. வெறுங்கையோட.

உக்காரு, உக்காரு. நான் அழுகலப்பா, அழுது முடிச்சுட்டுத்தான் வந்தேன். துப்பாக்கியெல்லாம் என் தம்பி வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன், சுத்தம் பண்ணக் குடுத்திருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். டாக்டரம்மாட்ட போன்ல ஒண்ணு விடாம சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில முதல் ஆளாக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. அதுவரைக்கும் அவரை ஒரு நிமிஷம் தனியா விடாதீங்கன்னாங்க. விடுவேனா? இன்னைக்கு மாப்பிள்ளைட்ட மூடி மறைக்காம எல்லாத்தையும் சொல்லி, டிராக்டர் ஏலத்துக்கு அவரைக் கூட்டிட்டுப் போடான்னு அனுப்பிருக்கேன். அந்தப் பய முகம் வெளுத்துப் போச்சு, பாவம். இருட்டுறதுக்குள்ள திரும்பிருவாங்க.

அதான் உங்கிட்ட வந்தேன். என்னால அந்தத் தழும்புக்கு மேல ஏற முடியல. முடிஞ்சிருந்தா யாருட்டயும் சொல்லியிருக்க மாட்டேன், நானே கழட்டிப் போட்டுருப்பேன். நீ ஏறுவ. கடையை ஒரு மணி நேரம் பூட்டு. பரணைக் கழட்டிக் கீழ எறக்கு, மேல இருக்குற படி அத்தனையும் எடுத்துரு, ஒண்ணுகூட விடாத. பதினாறுலயும் கட்ட வேண்டாம், இந்த வருஷம் எங்கயும் வேண்டாம். அப்புறம் அவரே வந்து எப்போ எத்தனை அடியில வேணும்னு எங்கிட்ட சொல்லட்டும்.

தெரியும்ப்பா. மரத்தைப் பாத்த உடனே தெரிஞ்சுக்குவாரு. நான் மறைக்கப் போறதில்ல. யாரு கை வச்சதுன்னு கேட்டா, நான்தான், ஆர்லனைக் கூட்டிட்டு வந்து கழட்டுனேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன். எதுக்குன்னு கேட்டா அதையும் சொல்லுவேன். என் பரண்ல கை வைக்க நீ யாருடின்னு கத்துவாரு. கத்தட்டும் ஆர்லன். மார்ச்சுலருந்து அந்த வீட்டுல ஒருத்தரும் கத்தல. அவரு கத்துனாருன்னா, நான் எதிர்ல சேரைப் போட்டு உக்காந்து முழுசாக் கேப்பேன்.