ஏழாவது காரணம்

பட்டாணி சூப்பைச் சமைத்த அன்றே சாப்பிடக் கூடாது. மறுநாள் சூடுபண்ணினால்தான் கரண்டி நட்டமாக நிற்கும் அளவுக்குக் கெட்டியாகும். இதை எனக்குச் சொன்னவள் கொர்னீலியா, ஹைபெர்ட்டின் மனைவி. ஹேக் நகரில் எங்கள் ஜெர்மன் தூதரகத்தில் நான் செயலாளராக இருந்த நான்கு வருடமும் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாடு அங்கேதான். இந்தப் போர்க்குற்ற விசாரணையில் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், மேஜர்: அவர்கள் நல்ல மனிதர்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை.

அந்த நாட்டின்மேல் கொஞ்சம் இருந்தது. சுற்றிலும் பெரிய நாடுகள் அடித்துக்கொள்ளும்போது, ஜன்னலுக்குத் திரைகூடப் போடாமல் உட்கார்ந்து காப்பி குடிக்கிற ஜனங்கள். நடுநிலை என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அது மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் என்று நம்பினார்கள்.

1940 ஏப்ரலில் என் மேலதிகாரி ஷ்டாம்லர் என்னை பெர்லினுக்குக் கூப்பிட்டார். அந்த நாட்டுக்குள் எங்கள் படை புகுவது முடிவாகிவிட்டது. காரணங்கள்தான் பாக்கி.

"ஆறு இருக்கு, க்ரூன்வால்ட். ஆறும் சொத்தை. இங்கிலீஷ்காரன் விமானம் அவங்க வானத்துல பறந்துச்சாம், பத்திரிகைக்காரன் நம்மளத் திட்டினானாம். இதைப் படிச்சா என் மாமியாரே சிரிப்பாங்க. பேர், ஊர், தேதியோட ஒண்ணு கொண்டுவாங்க."

"உண்மையா இருக்கணுமா?"

"இருந்தா நல்லது. மறுக்கிறவனுக்கு நேரம் பிடிக்கும்."

முட்டாள்தான். ஆனால் தொழில் தெரிந்த முட்டாள்.

ஹைபெர்ட் நீர்வாரியத்தில் பொறியாளர். மதகு, கரை, பம்பு தவிர அவனுக்கு உலகத்தில் வேறெதுவும் கிடையாது. நான் பெர்லினிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் புலம்பினான்.

"இங்கிலாந்துல வாங்கின பம்பு, லோதர். மூணு வருஷத்துல நாலு தடவை மக்கர் பண்ணிடுச்சு. போன மாசம் அவங்க மெக்கானிக் ஒருத்தன் வந்தான். கடலோர மதகையெல்லாம் ரெண்டு நாள் சுத்திக் காட்டினேன். எல்லாத்தையும் நோட்டுல வரைஞ்சுக்கிட்டான் பய, சரிபண்ணத்தான் தெரியல."

"அவன் பேர் என்ன?"

"லாங்டன். ஏன், உனக்கும் பம்பு வாங்கணுமா?"

"உங்க நாட்டை வாங்கினா தேவைப்படுமே," என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கொர்னீலியா எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். 'லாங்டன் என்ற ஆங்கிலேயர், அரசுப் பொறியாளர் ஹைபெர்ட் வான் ஸ்டாலனின் துணையுடன், மார்ச் மாதத்தில் இரண்டு நாட்கள் கடலோர மதகுகளைப் பார்வையிட்டு வரைபடம் எடுத்தார்.' இதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். பம்பு என்ற சொல்லை மட்டும் விட்டேன். அரசுக் குறிப்பு என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும்.

மே பத்தாம் தேதி விடிகாலையில் விமானங்கள் முதலில் வந்தன. காரணங்களை அடுக்கிய குறிப்பு அவர்கள் அரசுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. ரோட்டர்டாம் எரிந்த புகை ஹேக்கிலிருந்தே தெரிந்தது.

அத்துடன் விட்டிருப்பார்கள். ஆனால் ஷ்டாம்லருக்குக் காரணங்களைப் புத்தகமாகப் போட ஆசை வந்துவிட்டது. ஏழாவது காரணத்துக்கு ஹைபெர்ட்டின் கையெழுத்து வேண்டும் என்றார். அவன் மறுத்ததால் கைதுசெய்தார்கள். நானே சிறைக்குப் போய்ப் பேசினேன்.

"ஒரு கையெழுத்துதான், ஹைபெர்ட். போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"அவன் பம்பு மெக்கானிக்குப்பா. உனக்கே தெரியும். நீ போய்ச் சொல்லக் கூடாதா?"

"இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?"

"நான் கையெழுத்துப் போட்டா, நீங்க வந்தது நியாயம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்." பிறகு கேட்டான்: "நீதான் எழுதினியா?"

"ஆமா," என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

ராணுவ நீதிமன்றத்தில் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். இதையெல்லாம் அவன் வாயாலேயே கேட்டீர்களா என்றார்கள். கேட்டேன் என்றேன். பம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது சாட்சியின் வேலை இல்லை. டிசம்பரில் அவனைச் சுட்டார்கள். ஒரு நாடு எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஒருவன் எங்களுக்குத் துரோகம் செய்தான் என்பது சட்டப்படி கோணலான தீர்ப்பு. அதைச் சுட்டிக்காட்டி ஷ்டாம்லருக்குக் குறிப்பு அனுப்பினேன். தண்டனை நிறைவேறிய மறுநாள் அனுப்பினேன்.

கொர்னீலியா என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உடம்பையாவது குடுக்கச் சொல்லுங்க, லோதர்."

விண்ணப்பம் ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அங்கேயே நின்றுகொண்டு எழுதினாள். வேற்றுமை உருபெல்லாம் தாறுமாறு. என் வேலையை ஒதுக்கிவைத்து, வரிவரியாகத் திருத்தி, சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் நிராகரித்துவிட்டார்கள். ஆனால் விண்ணப்பத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அந்தக் குடும்பத்துக்குக் கடைசிவரை துணை நின்றவன் நான் ஒருவன்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேஜர்.