சக்கரை தூக்கலா ஒரு டீ

பானுப்ரியா: ...அதான் ஏன்னு கேக்கறேன். இடுப்பு வலி மாத்திரைய ஏன் போடாதங்கற?

செல்வகுமார்: போடாதன்னா போடாத. டாக்டரப் பாத்துட்டு அப்பறம் போட்டுக்கலாம்.

பானுப்ரியா: அவருதான மாமா எழுதிக் குடுத்தாரு. போன வாரம் இதே திண்டிவனம் ஆஸ்பத்திரியில, இதே பெஞ்சுல காத்துக் கெடந்து...

செல்வகுமார்: அதுலேர்ந்துதான ஒனக்குக் கை ஒதறுது. நேத்து கொழம்பு ஊத்த முடியல ஒன்னால.

பானுப்ரியா: கொல்லையில மல்லாட்டை புடுங்கி, மூட்டையத் தூக்கி இடுப்பு புடிச்சிக்கிச்சு. அதுக்குப் போட்ட மாத்திரையில கை ஒதறுமா?

செல்வகுமார்: ஒதறுமாம். மெடிக்கல்ல சொன்னாங்க.

பானுப்ரியா: எந்த மெடிக்கல்?

செல்வகுமார்: விழுப்புரத்துல.

பானுப்ரியா: மோட்டாருக்குக் காயில் கட்டப் போறேன்னுதான நேத்து விழுப்புரம் போன. மெடிக்கல்ல ஒனக்கு இன்னா வேல?

செல்வகுமார்: சும்மா... தலவலின்னு...

பானுப்ரியா: ஒனக்குத் தலவலி. சரி.

நர்ஸ் அமல்ராணி: மயிலம் பானுப்ரியா யாரும்மா? கைய நீட்டுங்க, பிரஷர் பாக்கணும். ஏம்மா இப்பிடி வேத்துக் கொட்டுது? ஃபேன் ஓடுதே.

பானுப்ரியா: நாலு நாளா இப்பிடித்தான் சிஸ்டர். தூக்கமே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது.

அமல்ராணி: பிரஷர் ஏறியிருக்கு. வலி மாத்திரையத் தவிர வேற எதனா போடறீங்களா? சுகரு, பிரஷரு, நரம்புக்கு, மனசுக்கு... எதுவா இருந்தாலும் சொல்லுங்க. போன வாரமும் டாக்டரு கேட்டாரு.

பானுப்ரியா: நானா எதுவும் போடல சிஸ்டர்.

அமல்ராணி: சார், நீங்க சொல்லுங்க.

செல்வகுமார்: அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.

அமல்ராணி: நல்லா யோசிச்சி வைங்க. உள்ள இருக்கவங்க வந்ததும் கூப்புடறேன்.

பானுப்ரியா: ...மாமா, இன்னைக்கு ஏன் டீ போடல?

செல்வகுமார்: பஸ்ஸுக்கு நேரமாச்சு.

பானுப்ரியா: நாலு மாசமா மழன்னாலும் பனின்னாலும் ஆறு மணிக்கு நீ போட்ட டீ. சக்கரை தூக்கலா. குடிச்சி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்ப. எதுத்த வூட்டு கலைப்பிரியா வயித்தெரிச்சல் படறா, அவ புருஷன் அடுப்புப் பக்கமே வர்றதில்லையாம்.

செல்வகுமார்: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

பானுப்ரியா: இன்னைக்கு டீயும் இல்ல. வலி மாத்திரையும் வேணாங்கற. அதான்.

செல்வகுமார்: பானு... கோவப்படாம கேளு.

பானுப்ரியா: கேக்கத்தான ஒக்காந்திருக்கேன்.

செல்வகுமார்: கொழந்த தவறின அப்பறம் விழுப்புரத்துல ஒரு டாக்டரம்மாவப் பாத்தோமில்ல...

பானுப்ரியா: மனசு டாக்டரு.

செல்வகுமார்: மெதுவாப் பேசு.

பானுப்ரியா: யாருக்கு பயந்து? அவங்க குடுத்தத பத்து நாளு போட்டேன். உங்கம்மா, எம்புள்ள பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறான்னு தெருவுல நின்னு சொன்னாங்க. அட்டையோட சாக்கடையில போட்டுட்டேன். நீ வண்டியத் தொடச்சிக்கினு இருந்த. ஒரு வார்த்த பேசல.

செல்வகுமார்: தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்ற நேரம்... அண்ணிக்கு இப்பிடின்னு தெரிஞ்சா...

பானுப்ரியா: சரி. அப்பறம்?

செல்வகுமார்: நீ சாப்புடாம கொள்ளாம கெணத்தாண்ட போய்ப் போய் நின்ன. பயந்துட்டேன் பானு. அதே சீட்டக் காட்டி மாத்திர வாங்கினேன். கரண்டியில நசுக்கி... டீயில...

பானுப்ரியா: ம்.

செல்வகுமார்: நேத்து அட்ட வாங்கறப்ப, கூட வலி மாத்திரையும் ஓடுதுன்னு சொன்னேன். கடைக்காரரு புடிச்சிக்கிட்டாரு. ரெண்டும் சேந்தா ஒதறல் வரும், ஜொரம் ஏறும், வலிப்பே வரலாம், டாக்டருக்குத் தெரியுமான்னு கேட்டாரு. அதான் இன்னைக்கு ரெண்டையும் நானே...

அமல்ராணி: உங்களக் கூப்புடத்தான் வந்தேன், காதுல வுழுந்துச்சு. டீயிலயா சார் கலந்தீங்க? இப்பதான ஒண்ணுமில்லன்னீங்க.

செல்வகுமார்: தப்புதாங்க...

அமல்ராணி: போன வாரமே சொல்லியிருந்தா டாக்டரு இந்த வலி மாத்திரையே எழுதியிருக்க மாட்டாரு. நீங்களா குடுக்கறதும் தப்பு, நீங்களா திடீர்னு நிறுத்தறதும் தப்பு. எத நிறுத்தணும், எத எப்பிடிக் கொறைக்கணும்னு அவருதான் சொல்லணும். ரெண்டு அட்டையும் இருக்கா?

செல்வகுமார்: சட்டப் பாக்கெட்டுல இருக்குங்க.

அமல்ராணி: எடுத்துக்கினு ஜல்தியா உள்ள வாங்க. நம்பரெல்லாம் பாக்க வேணாம்.

செல்வகுமார்: பானு, எந்திரி. ரெண்டும் சேராதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நீ நல்லா ஆவணும்னுதான்...

பானுப்ரியா: டீயில கலக்கறது எனக்குத் தெரியும் மாமா. ரெண்டாம் நாளே நாக்குல தெரிஞ்சிப் போச்சு. எவ்ளோ சக்கரை போட்டாலும் அடியில கசக்கும்.

செல்வகுமார்: தெரிஞ்சேவா குடிச்ச? அப்ப போன வாரம் டாக்டரு கேட்டப்ப ஏன் நீ சொல்லல?

பானுப்ரியா: அன்னைக்காவது நீ வாயத் தொறப்பன்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். நீ ஃபேனப் பாத்துக்கினு இருந்த.