கடைசியாகத் திறந்த நேரம்

எனக்குக் கோபமே வராது என்று என் தங்கை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். அவள் கணவன்தான் மருத்துவமனையில் கணினிப் பிரிவின் தலைவன். அவனை அங்கே சிபாரிசு செய்ததே நான்தான், ஐயா. பிறகு அவனுக்குக் கீழேயே வேலை பார்த்தேன்.

நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் ஒரு லினக்ஸ் சர்வரில் இருந்தன. யார் எந்தப் படத்தைத் திறந்தாலும், திறந்த நேரத்தை அது ஹார்ட் டிஸ்க் வட்டில் குறித்துவைக்கும். ஒரு மாதமாக யாரும் திறக்காத படங்களை இன்னொரு நிரல் தானாக அழித்து இடம் பண்ணும். அதை எழுதியவன் நான். அப்படி ஒன்று இருப்பதையே மற்றவர்கள் மறந்துவிட்டார்கள்.

சர்வர் திணறியது. நேரத்தைக் குறித்துக் குறித்தே வட்டு தேங்குகிறது என்று அவன் கண்டுபிடித்தான். அது சரிதான்.

"நோஏடைம் போட்டுடுங்க மச்சான். நேரமே எழுத வேண்டாம்."

"மாப்பிள்ளை, அதுல ஒரு சிக்கல் இருக்கு."

"எதுக்கெடுத்தாலும் சிக்கல். உங்களோட மாரடிக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு. சொன்னதை மட்டும் செய்யுங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் இன்னும் எரிகிறது.

ரிலேடைம் என்று நடுவில் ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு தடவை குறித்தால் போதும் என்று விட்டுவிடும். வட்டும் மூச்சுவிடும், படங்களும் பிழைக்கும். சொல்ல வந்தேன். வாயை மூடிக்கொண்டு, அவன் சொன்னதையே போட்டேன். அவனாக வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நேரம் பதியாததால், தினமும் திறந்த படங்கள்கூட அழிக்கும் நிரலின் கண்ணுக்கு யாரும் தொடாதவையாகத் தெரிந்தன. மறுமாதம் அழியத் தொடங்கின. நகல் வைத்திருந்த சர்வரும் அதைப் பார்த்து அழித்துக்கொண்டது.

சிகிச்சையில் இருந்த ஓர் ஆசிரியையின் நுரையீரலில் புள்ளி தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லை.

"பழைய தழும்பாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர்.

அது தழும்பு அல்ல, புற்று. அவள் இறந்தபின் கணவர் எங்கள் அறைக்கு வந்தார்.

"பழைய படம் எங்கங்க போச்சு?"

"விசாரிக்கிறோம்" என்றேன்.

மாப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது தங்கை வீட்டில் அவன் குரலே கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அவன் சொன்னதை நான் செய்தேன், அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை, ஐயா. என் மனைவியின் ஸ்கேன் படங்களும் அதே சர்வரில்தான் இருந்தன. அழிப்பு தொடங்குமுன் அவற்றை மட்டும் வேறு வட்டுக்கு மாற்றிவிட்டேன்.