பிறர் பல்வலி வேண்டாமென்ற பெருந்தகைக்கு

முந்நூற்று நாற்பது ஊர்களை நெஞ்சிலே குடியேற்றிய நிறைகுணச் செல்வரே! மூட்டை மூட்டையாய் வந்த கடிதங்களை முகம் சுளிக்காது முறைப்படுத்திய முதல்வரே! சாரலில் நனைந்து மை கரைந்த உறையிலும் சரியான ஊரைக் கண்டுசொன்ன சான்றோரே! தபால் பிரிக்கும் பணியில் முப்பத்தோராண்டு இருந்து, இன்று ஓய்வு பெற்று, கீழப்பாவூரில் உள்ள தங்கள் வீட்டையும் வயலையும் நோக்கிப் புறப்படும் திருவாளர் நாறும்பூநாத பிள்ளை அவர்களே! எங்கள் அண்ணாச்சியே! வணக்கம்.

'முகம் சுளிக்காது' என்று எழுதியவர் நம் அறையின் மசூது. அது மெய்யல்ல என்பது தங்களுக்கே தெரியும். மூக்குப்பொடி தீர்ந்துபோன நாட்களில் தங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதை இந்தச் சபையில் பார்க்காதவர் இல்லை. மோனை நன்றாக அமைந்துவிட்டதால் விட்டுவைத்தோம்.

குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் நம் அறையில் கடிதங்கள் விழத் தொடங்கும். குளிக்க வந்த கனவான்களின் பின்னாலேயே அவர்களுடைய கடிதங்களும் வந்து சேரும். குற்றாலத்துக் கடிதம் தஞ்சாவூர்ச் சீமைக் குத்தாலத்துக்குப் போய்விடாமலும், குத்தாலத்துக் கடிதம் இங்கே வந்து வீணாய் நனையாமலும் காத்த கண்கள் தங்கள் கண்கள்! புளியரையையும் புளியங்குடியையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளாத கைகள் தங்கள் கைகள்!

இதுவரை சொன்னது எல்லோர் சார்பிலும். இனிமேல், இம்மடலைச் சொல்ல நிறுத்தப்பட்டிருக்கும் சொரிமுத்து ஆகிய நான் என் சார்பில் சொல்வது.

பதினேழு ஆண்டு நான் ஊர் ஊராய் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரன். தாங்கள் இப்போது குடிபோகும் அதே கீழப்பாவூரில் ஒரு நாய் என்னைக் கடித்துத் துரத்த, வாய்க்காலில் விழுந்து முழங்கால் போயிற்று. இனி நடக்கலாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலதிகாரிகள் மனமிரங்கிப் பிரிப்பு அறைக்கு அனுப்பினார்கள். ஆனால் பரீட்சை ஒன்று உண்டே! குவியலாய்க் கொட்டிய கடிதங்களை, பட்டியலைப் பாராமல், எந்த ஊர் எந்தப் பைக்குப் போகுமோ, சுவர் அலமாரியில் அந்தப் பைக்குரிய சிற்றறையில் போட வேண்டும். மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் தவறினால் வேலை இல்லை. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வீட்டில் முப்பிடாதியம்மாளும் நான்கு பெண்களும்.

முதல் முறை அச்சிட்ட பட்டியலை இருபது தடவை பாராயணம் செய்துவிட்டுப் போனேன். பத்தாவது கடிதத்தில் எல்லாம் மறந்து, வெறுங்கையாய் நின்றேன்.

இரண்டாம் முறை குறுக்கு வழி தேடினேன். பரீட்சையில் தேறிய மசூதிடம் ஒரு கட்டு அட்டை இருந்தது. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஊரின் பெயர், பின்பக்கம் அதை நினைவூட்ட அவர் எழுதிய குறிப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அத்தனையும் பார்த்து எழுதிக்கொண்டேன். பண்பொழி அட்டையின் பின்னால் 'பல்வலி' என்றிருந்தது. அந்த ஊரில் ஒரு கலியாண விருந்தில் எலும்பைக் கடித்து மசூதுக்குப் பல் ஆடிப்போயிற்றாம். எனக்கோ பல்வலி என்றால் குற்றாலம். பேரருவியின் கீழ் நின்றால் போதும், கடைவாய்ப் பல் உயிரை வாங்கும். பரீட்சையில் பண்பொழியைக் கண்டதும் பல்வலி நினைவுக்கு வந்தது. பல்வலி வந்ததும் கை குற்றாலத்துக்குப் போயிற்று. பண்பொழிக் கடிதம் பதினொன்றும் குற்றாலத்துச் சிற்றறையில் கிடந்தன.

மானம் போய்த் தங்களிடம் வந்து நின்றேன். ஊர்களை நினைவில் வைக்கத் தாங்கள் எழுதிவைத்த நோட்டையாவது தாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். தாங்கள் என் அட்டைகளை வாங்கிப் பார்த்தீர்கள். பொடி சிதறச் சிதறச் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"வே சொரிமுத்து, இது மசூதுக்குப் பல்லு வலிச்ச ஊருவே. உமக்கு எங்கன வலிச்சுதோ அதை நீரு எழுதும். என் நோட்டு எனக்குத்தான் பேசும். உம்மகிட்ட வாயத் திறக்காது."

அதோடு அச்சுப் பட்டியலையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினீர்கள்! பழைய லேபிள்களை வெட்டி வெற்று அட்டையாய் என் முன்னே வைத்தீர்கள். எந்தப் பை என்று முதலில் நானாக யோசித்து, அதற்கு ஒரு காரணமும் நானாகத் தேடி எழுத வேண்டும். பிறகே பட்டியல் வெளியே வரும், சரிபார்க்க. தவறியதை மறுபடியும் எழுத வேண்டும். அன்று வீட்டுக்குப் போய் நான் தங்களைத் திட்டிய திட்டைச் சபையில் சொல்ல முடியாது. முப்பிடாதியம்மாள் சாட்சி. தங்களிடம் இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதினேன். புளியங்குடி: எலுமிச்சை மூட்டை இடித்துச் சட்டை கிழிந்த ஊர். புளியரை: சகலை சண்டை போட்ட ஊர். கீழப்பாவூர்: நாய் கடித்த ஊர். முதல் வாரம் நாற்பது தவறு. இரண்டாம் மாதம் ஒன்றிரண்டு. ஓர் அதிசயம் என்னவென்றால், எழுதி முடித்த அட்டையைத் திருப்பிப் பார்க்கும் தேவையே வரவில்லை. காரணம் கிடைக்காமல் நான் தவித்த தவிப்பிலேயே ஊர் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்றாம் பரீட்சையில் முதல் கடிதமே கீழப்பாவூர். முழங்கால் சுருக்கென்றது, கை தானாகக் கிழக்குப் பையின் சிற்றறைக்குப் போயிற்று. அதன்பின் நிற்கவில்லை. தேறினேன், இரண்டே தவறுகளோடு! நொண்டி நொண்டி வந்து சொன்னபோது தாங்கள் கேட்டது ஒன்றே: "எந்த ரெண்டுவே?" அந்த இரண்டு அட்டைகளையும் அங்கேயே திரும்ப எழுத வைத்துவிட்டுத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். என் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கையால். இதை மோனை பார்த்துச் சொல்லவில்லை, அண்ணாச்சி.

இம்மடல் பிறந்த கதையும் ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியின் வீட்டுச் சுவரிலிருந்து மசூது ஒரு பழைய மடலைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெயரை மாற்றினால் போதும் என்றார். 'கருணைக் கடலே, கல்விக் களஞ்சியமே' என்று தொடங்கியது அது. நான்கு நாள் உருப்போட்டேன். கடலுக்கு அப்பால் நகரவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் புத்தி வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாங்களே உட்கார்ந்து அடித்தும் திருத்தியும் இதை எழுதினோம். கண்ணாடிச் சட்டம் போட்ட மடல் இப்போது தங்கள் மடியில் இருக்கிறது. என் கையில் தாள் இல்லை. தாங்கள் வரிவரியாய் விரல் வைத்துச் சரிபார்ப்பீர்கள் என்று தெரிந்தேதான் வெறுங்கையோடு நிற்கிறேன்.

நோய் அணுகாமல், பொடிக்குப் பஞ்சம் வராமல், தங்கள் துணைவியாரோடும் மக்களோடும் நூறாண்டு தாங்கள் நலமாய் வாழ மலைமேல் நிற்கும் முருகப்பெருமான் அருள்வானாக! எங்கள் கடிதங்கள் தேடி வரும். மறு தபாலில் பதில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. நேற்று என் கட்டிலிருந்து கீழப்பாவூர் அட்டையை எடுத்தேன். 'நாய் கடித்த ஊர்' என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினேன். யாருடையதையும் பார்த்து எழுதவில்லை.

கீழப்பாவூர்: அண்ணாச்சி இருக்கிற ஊர்.

இங்ஙனம்,
தங்களை மறக்க வழியில்லாத
தபால் பிரிப்பு அறை ஊழியர்கள்

குற்றாலம்
விசு வருடம், ஆனி மாதம் (1941)