சரவணனுக்கு நான் தேர்ந்தெடுத்த பின்கள்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். மற்றபடி குறை சொல்வதற்கில்லை. கன்னடம் நன்றாகவே பேசுவேன். ஆனால் ஒரு விஷயத்தைத் துல்லியமாக எழுத வேண்டுமென்றால் தமிழில்தான் எனக்குக் கை ஓடும். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். கொஞ்சம் மூளையுள்ள ஆளாக இருக்கட்டும்.

நான் வந்தது உங்கள் நிபுணரின் அறிக்கையைத் திருத்த. வீணா என்ற பெண்மணியின் கார் மழையில் நடுரோட்டில் நின்றதற்குக் காரணம், மெக்கானிக் சரவணன் கனெக்டரைத் தையல் ஊசியால் குத்தியதுதான் என்று அவர் எழுதியிருக்கிறார். தையல் ஊசி அப்படிச் செய்யாது. இதுகூடத் தெரியாதவரை எந்தக் கடையில் பிடித்தீர்கள்?

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். காரில் ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குக் கனெக்டர் என்று பெயர். அதைக் கழற்றாமலே மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்க்க, பின்பக்கமாக, ஒயரை ஒட்டி ஒரு பின்னை நுழைப்போம். உள்ளே தண்ணீர் போகாதிருக்க ஒயரைச் சுற்றிச் சின்ன ரப்பர் வளையம் உண்டு. பின் மெல்லியதாக இருந்தால் ரப்பர் விலகி வழிவிடும், எடுத்ததும் மூடிக்கொள்ளும். தடித்ததாக இருந்தால் கிழியும். கிழிந்தது வெளியே தெரியாது. மீட்டர் சரியான எண்ணைக் காட்டும், வண்டியும் கிளம்பும். ஒரு நல்ல மழை பிடிக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தொம்மலூரில் ராகேஷின் ஒர்க்‌ஷாப்பில் பத்தொன்பது வருடமாக மின்கோளாறுப் பிரிவு என் பொறுப்பு. வெங்கடசுப்ரமணியன் என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் கை காட்டுவார்கள். சரவணன் வண்டி கழுவ வந்தவன். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். அவன் மனைவி சரசு ரவிக்கை தைக்கிறவள். அவளுடைய ஊசி ஒன்றைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு வருவான். சோதனையெல்லாம் அதை வைத்துத்தான். எனக்குப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் அந்த ஊசி மெல்லியது. அவன் கைபட்ட வண்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், நான் நியாயமான ஆள்.

மார்ச் மாதம் ராகேஷ் என்னைக் கூப்பிட்டான். "சார், ஜூன்லேர்ந்து சரவணன் ஹெட்டா இருக்கட்டும். நீங்க மேலேர்ந்து கைட் பண்ணுங்க, அதே சாகு, அது போதும்."

மேலிருந்து என்றால் மாடியில், பழைய பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

சரவணனால் ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். ராகேஷ் சிரித்துவிட்டு, இனி ஊசியெல்லாம் வேண்டாம், முறையான பின்களாகப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றான். அந்தத் தேர்வுக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நீளம், வளைவு, முனை எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு, அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய வழவழப்பான முனை. சரவணனுக்கு, அதைப்போல் இரு மடங்கு தடிமன், முனையில் விளிம்பு வைத்தது. லாரிகளின் பெரிய கனெக்டர்களுக்கு உண்டானது. பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, காலரிலிருந்த ஊசியைக் கழற்றித் தரச் சொன்னேன். கழற்றிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் வந்து நின்றான். "சார், இது சொல்ப டைட்டா போவுது சார். ரப்பர்ல முட்டிக்கினு நிக்குது."

"புதுசு, அப்படித்தான் இருக்கும். அழுத்து."

அழுத்தினான்.

மே மாத மழையில் ஒன்பது வண்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் அரை மணி நேரத்தில் சரிசெய்தேன். எந்தக் கனெக்டரைத் திறக்க வேண்டும் என்று, செய்த வேலையைச் சரவணன் குறித்துவைக்கும் ஜாப் கார்டே எனக்குச் சொல்லிவிடும். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும்; துடைத்து, ரப்பரை மாற்றினால் முடிந்தது. "சார் கை வெச்சாதான் வண்டி கேக்குது" என்று ராகேஷ் எல்லோர் எதிரிலும் சொன்னான். ஹெட் பேச்சு அப்படியே அடங்கிப்போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டிக்காரர்களுக்கு ஆபீசில் அரை நாள் லீவு, அவ்வளவுதான்.

பத்தாவது வண்டி, பிரேசர் டவுனிலிருந்து வந்த இந்த வீணாவுடையது. பள்ளி ஆசிரியை. சரவணன் சோதித்திருந்தது என்ஜின் சுழற்சியை அளக்கும் சென்சாரின் கனெக்டர். அதில் தண்ணீர் போனால் என்ஜின் நின்றுவிடும். கார்டு என் கையில் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வண்டியை எடுக்க வந்தாள், வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"சார், ஹொசூர் போறேன். அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. நம்பிப் போலாமா?"

"சரவணன்தான் பாத்திருக்கான். தைரியமா போங்கம்மா" என்றேன்.

ரப்பரை மாற்றப் பத்து நிமிடம் போதும், தெரியும். ஆனால் மாற்றியிருந்தால் அந்த வேலை சுத்தமான வேலையாக அவன் பேரில் பதிவாகியிருக்கும். நான் திருத்தி, அவன் பேர் வாங்குவதா? மற்றதெல்லாம் நின்றதுபோல் ஏதாவது சிக்னலில் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சந்தாபுராவுக்கு முன்னால், நெடுஞ்சாலையின் நடு வரிசையில் நின்றது. பின்னால் லாரி வந்தது. லாரிக்காரன் இடைவெளி விட்டு ஓட்டியிருந்தால் அந்த அம்மாள் இன்று பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். அதையும் உங்கள் அறிக்கையில் காணோம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: ரப்பரைக் கிழித்தது தையல் ஊசி அல்ல, நான் தேர்ந்தெடுத்த பின். கிழியும் என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். அன்று அந்தக் காரை அனுப்பியதும் தெரிந்தேதான். என் மெல்லிய பின்கள் மேஜையின் இரண்டாவது டிராயரில் இருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தடிமன் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

நேற்று சரவணன் லாக்கப்பில் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "சார் பாத்து வாங்கிக் குடுத்த பின்னு, அதுல தப்பு இருக்காது. நான்தான் ஜாஸ்தி அழுத்திட்டிருப்பேன். அந்தம்மா செத்தது என்னாலதான்." படித்த உங்களுக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு மாதம் அந்தப் பின்களைக் கையில் வைத்திருந்தான், ரப்பர் முட்டுவதைத் தன் விரலாலேயே உணர்ந்தான், இன்றுவரை கோளாறு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவனிடம் பிரிவை ஒப்படைப்பது வண்டியில் போகிறவர்களின் உயிருக்கு ஆபத்து என்றுதான் நான் மார்ச் மாதமே ராகேஷிடம் சொன்னேன்.