தொப்பி என் கையில் இருந்தது

என் கால் வீக்கத்தைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டீர்கள் போல, ஐயா. நன்றி. இந்தக் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து ஏழு மாதமாகிறது.

ஒப்பந்தக் காவலாளி பன்னிரண்டு மணி நேரமும் நிற்க வேண்டும். மாற்றாள் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்வரை, ஒன்றுக்குப் போகக்கூட வாசலை விட்டு நகரக் கூடாது. அதனால் நானும் என் கூட்டாளியும் தூணுக்குப் பின்னால் உடைந்த நாற்காலி ஒன்றை ஒளித்து வைத்திருந்தோம். ஒருவன் உட்காருவான், மற்றவன் காவல் பார்ப்பான். சூப்பர்வைசர் வந்தால் கதவில் இரண்டு தட்டு. உடனே எழுந்துவிட வேண்டும். ஒன்பது வருஷம் இப்படித்தான் ஓட்டினோம். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு மதியம் தட்டு கேட்கவில்லை. கண் விழித்தால் எதிரே அவன், கையில் போன். "சும்மா ஒரு போட்டோ மாப்ள" என்றான். நானும் இளித்தேன், மடையன். மறுவாரம் அந்தப் படம் அலுவலகச் சுவரில் இருந்தது. நாற்காலி போயிற்று. அவன் சூப்பர்வைசர் ஆனான்.

"வயித்துப்பொழப்பு மாப்ள, மனசுல வெச்சுக்காத. நாலு பேர் முன்னாடி மட்டும் சார்னு கூப்பிடு."

கூப்பிட்டேன். வீட்டில் என் காலுக்கு மனைவி எண்ணெய் தேய்த்தபோது அழுதேன். வலியா என்றாள். ஆமாம் என்றேன்.

எங்கள் குளிர்கிடங்கில் உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடக்கிறது; கதவு மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது, போன் சிக்னலும் கிடைக்காது. எழுதிக் கொடுத்தும் யாரும் சரிசெய்யவில்லை. அதனால் உள்ளே போகிறவன் தன் தொப்பியை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவான். பத்து நிமிடத்தில் நாங்கள் போய்க் கதவைத் திறப்போம். முப்பதடி தூரம்தான். விதியில் இல்லாதது, நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

நேற்று விடுமுறை. எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆள் பற்றாக்குறை, எனக்கு மாற்றாளும் அவன்தான். தொப்பியை நீட்டினான்.

"மெஷின் ஓடுதான்னு பாத்துட்டு வந்துடறேன் மாப்ள. வந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன், நீ கெளம்பு."

பத்து நிமிடம் ஆனது. சுவரில் அவன் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். மாற்றாள் கையெழுத்துப் போடும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. கீழே அவன் பெயர். மாற்றாள் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே, நான் எப்படி நகர்வது?

முதலில் கூப்பிட்டான். கனத்த கதவு, குரல் மெலிந்துதான் வந்தது. பிறகு இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு தட்டு. எங்கள் பழைய தட்டு. எழுந்திரு என்று அர்த்தம்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், ஐயா.

சாயங்காலம் தட்டு நின்றது. தொப்பியைத் தூசு தட்டிப் பதிவேட்டின் மேல் வைத்தேன். இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் நான் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.